இடப்பக்கத்து முக்காலி

பசையக்காவின் இடது கை தாளை விரித்துப் பிடித்திருந்தது. வலது கை மெல்லிய தூரிகையால் கிழிசலின் ஓரம் முழுக்க மைதாப் பசையைத் தடவிக்கொண்டே போனது. பசை பாலைவிடக் கொஞ்சம் கெட்டியாக இருக்க வேண்டும். அதற்கு மேல் கெட்டியானால் காய்ந்ததும் தாள் சுருங்கும். நீர்த்துப்போனால் அச்சு மசி கலங்கும். வெங்காயச் சருகு மாதிரியான தாளில் ஒரு பட்டை வெட்டி மேலே வைத்து, பழைய பனியன் துணியால் ஒத்தி எடுத்தாள். பன்னிரண்டு வருஷம் ஆஸ்பத்திரி வார்டில் உதவியாளாக இருந்து, எத்தனையோ புண்களை ஒத்தித் துடைத்த கை அது. எங்கே ஒத்த வேண்டும், எங்கே தேய்க்க வேண்டும் என்று அதற்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

இசைப்பள்ளியின் மாடிப்படிக்குப் பின்னால் ஓர் ஒடுங்கிய அறை. நான்கு இரும்பு அலமாரிகள், ஒரு மேஜை, ஒரு ஜன்னல். கதவில் 'மியூசிக்' என்று பலகை. உள்ளே ஒரு சத்தமும் இருக்காது. அங்கே இருப்பதெல்லாம் காகிதம். பியானோ வாசிப்பவர்களும் சேர்ந்து பாடும் குழுவும் பார்த்துப் படிக்கும் குறிப்புத் தாள்கள். அந்தக் கட்டடத்தில் அதற்குப் பேரே மியூசிக்தான். "என் மியூசிக்கைக் காணோம்." "மியூசிக் மேல தண்ணி பாட்டில வைக்காதீங்க." "மழை வருது, மியூசிக்கைப் பைக்குள்ள போடுங்க." வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே பசையக்கா இதற்குப் பழகிவிட்டாள். வார்டில் 'ஏழாம் நம்பர் பசிக்குதுன்னு சொல்லுது' என்பார்கள். அதற்குப் பழகியவளுக்கு இது எம்மாத்திரம்?

ஒன்பது வருஷமாகக் கிழிந்த மியூசிக்கையெல்லாம் அவள் ஒட்டிக்கொண்டிருந்தாள். அதனால்தான் பசையக்கா. அவளைவிட ஏழு வயது மூத்த பியானோ சார்கூட அக்கா என்றுதான் கூப்பிடுவார்.

அந்த ஒன்பது வருஷத்தில் கடைசி ஆறு வருஷம் அவளுக்கு இன்னொரு வேலையும் இருந்தது. பியானோ சார் வாசிக்கும்போது இடப்பக்கம் ஒரு முக்காலியில் உட்கார்ந்து பக்கம் புரட்டும் வேலை. வாசிப்பவருக்கு இரண்டு கையும் வேலையாக இருக்கும். பக்கம் தானாகத் திரும்பாது. முன்பு புரட்டிக்கொண்டிருந்த மாணவிக்கு ஒருநாள் பரீட்சை. "அக்கா, நீங்க வந்து உக்காருங்க" என்றார் சார். "எனக்கு இதைப் படிக்கத் தெரியாதே சார்." "படிக்க வேணாம். நான் தலையை ஒரு தரம் கீழ ஆட்டினா முன்னால புரட்டுங்க. இடது பக்கம் திருப்பினா பின்னால புரட்டுங்க. அவ்வளவுதான்."

அவ்வளவுதான் என்றாலும் சும்மா இல்லை. எழுந்திருக்கும்போது முக்காலி கிறீச்சிடக் கூடாது. இடது கையை நீட்டித் தாளின் வலது மேல் மூலையைப் பிடிக்க வேண்டும். வளையல் கூடாது. முந்தானை பியானோக் கட்டைகளின் மேல் விழக் கூடாது. இரண்டு தாள் சேர்ந்து வரக் கூடாது. அதற்காக ஒவ்வொரு தாளின் மூலையையும் ஒரு நூல் அளவு மடித்து வைப்பாள். சரியாகச் செய்தால் அவள் அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. தப்பாகச் செய்தால் ஊருக்கே தெரியும். அந்த வேலை அவளுக்கு ரொம்பப் பிடித்திருந்தது. நாலு கட்டடம் தள்ளிப் பெருக்குகிறவளுக்குக்கூட அது தெரியும். நிகழ்ச்சியன்று கட்டுவதற்கென்றே ஒரு கறுப்புப் புடவை வைத்திருந்தாள். அதை வேறு எதற்கும் கட்டமாட்டாள்.

அந்த முக்காலிக்குத்தான் இப்போது ஆபத்து வந்தது.

வியாழக்கிழமை மாலை ஆறு மணிக்குக் குழுவின் ஆண்டு நிகழ்ச்சி. அதற்கு முந்தின வெள்ளிக்கிழமை ஒத்திகை. இருபத்திரண்டு பேர் மூன்று வரிசையாக நின்று பாடினார்கள். குழுவை நடத்தும் மேடம் முன்னால் நின்று கையசைத்தார். முதல் பாட்டின் நான்காம் பக்கத்தில் பியானோ சாரின் தலை கீழே இறங்கியது. பசையக்கா புரட்டினாள். அரைப் பக்கம் பாக்கியிருந்தது. சார் இரண்டு சுரம் தடுமாறி, நினைவிலிருந்து வாசித்துச் சமாளித்தார். இரண்டாம் பாட்டில் அதேபோல் இன்னொரு தரம். மூன்றாம் பாட்டில்தான் மானம் போனது. அதில் நடுவே யாரும் பாடாமல் பியானோ மட்டும் தனியாக மூன்று பக்கம் வாசிக்கும். அந்த மூன்று பக்கம் முடிந்ததும் மறுபடி தொடக்கத்துக்குப் போய் இன்னொரு தரம் வாசிக்க வேண்டும். அதாவது ஒரு தாள் பின்னால் புரட்ட வேண்டும். சாரின் தலை இடப்பக்கம் திரும்பவில்லை. கீழே, கீழே என்று இறங்கியது. பசையக்கா முன்னால் புரட்டிவிட்டாள். பியானோ ஒரு பக்கமும் தாள் ஒரு பக்கமுமாகப் போய், பாதிக் குழு பாட ஆரம்பித்து, மீதிக் குழு அவர்களைத் திரும்பிப் பார்த்தது.

மேடம் கையை இறக்கினார். கோபக்காரர் இல்லை, ஆனால் வேலை என்று வந்தால் வெட்டு ஒன்று துண்டு இரண்டு.

"அக்கா, இன்னிக்கு என்ன ஆச்சு உங்களுக்கு? கண்ணுக்குக் கண்ணாடி மாத்தணுமா?"

"இல்லைங்க மேடம்."

"போன வாரமும் ரெண்டு தடவை. சார், நான் சொன்ன அந்த டேப்லட் பலகை வந்துடுச்சு. மியூசிக் எல்லாம் திரையிலேயே வரும். கீழ ஒரு பெடல். காலால அமுக்கினா பக்கம் மாறிடும். புதன்கிழமை கடைசி ஒத்திகை. அன்னிக்கும் இப்படி ஆச்சுன்னா வியாழக்கிழமை பெடல்தான். சரியா?"

சாரின் தலை ஆமாம் ஆமாம் என்று ஆடியது.

பசையக்கா அந்தத் தலையைப் பார்த்துக்கொண்டே நின்றாள். மேடம் பேசி முடித்து, தண்ணீர் குடித்து, பையை எடுத்துக்கொண்டு போன பிறகும் அது ஆமாம் ஆமாம் என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

அப்புறம் அவளுக்கு ஒவ்வொன்றாக விளங்கியது. போன மாதம் மேடம், "சார், சனிக்கிழமை குழந்தைங்க வகுப்பையும் நீங்களே எடுத்துக்கறீங்களா?" என்று கேட்டதும் தலையாடியது. சனிக்கிழமை யாரையும் பார்க்கப் பிடிக்காத மனுஷர், இப்போது வாராவாரம் பதினான்கு குழந்தைகளோடு மல்லுக்கட்டுகிறார். அடிக்குரலில் பாடும் தபால்காரர், "சார், கடைசிப் பாட்டுல ஒரு வரி மட்டும் நான் தனியா பாடட்டுமா?" என்று பயந்து பயந்து கேட்டார், தலை ஆடியது, தபால்காரர் இப்போது தெருத் தெருவாகக் கடிதம் போடும்போதெல்லாம் அந்த ஒரே வரியைப் பாடிக்கொண்டு போகிறார். காபிக் கடைக்காரம்மா, "இன்னொண்ணு போடட்டா சார்?" என்றால் தலை ஆடும். ஒரு நாளைக்கு ஐந்து காபி. நரம்பு நடுக்கம் இருக்கிறவருக்குக் காபி கொடுத்தால் நடுக்கம் கூடும் என்பது வார்டில் தரை துடைப்பவளுக்குக்கூடத் தெரியும். ஆடுகிற தலை காபி வாங்கிக் கொடுக்கிறது. வாங்கின காபி தலையை ஆட்டுகிறது.

சனிக்கிழமை குழந்தைகள் போனதும், சாரைக் காகித அறைக்குக் கூப்பிட்டாள். கதவைச் சாத்தினாள்.

"உக்காருங்க சார். ஒண்ணு கேட்கணும். உங்க தலை எத்தனை நாளா ஆடுது?"

"என் தலையா? ஆடலையே" என்றார் சார். தலை ஆமாம் என்றது.

பசையக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டாள். அலமாரிக் கதவின் உட்புறம் ஒரு சின்னக் கண்ணாடி இருந்தது; கதவைத் திறந்து அவர் முகத்துக்கு நேரே திருப்பினாள். சார் கண்ணாடியில் இருந்தவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். கண்ணாடியில் இருந்தவர் எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டபடி இருந்தார்.

"ஆறு மாசமா" என்றார் கடைசியில். "சவரம் பண்ணும்போதுதான் தெரியும். இப்போ ரெண்டு வாரமா கொஞ்சம் கூடியிருக்கு. யாரும் கவனிக்கலன்னு நினைச்சேன்."

"கவனிச்சாங்க சார். சம்மதம்னு நினைச்சுக்கிட்டாங்க."

"கை நல்லாத்தான் இருக்கு, அக்கா. பாருங்க." இரண்டு கைகளையும் நீட்டினார். விரல்கள் அசையாமல் நின்றன. "ஆனா தலையைப் பார்த்தா நாளைக்குக் கையும் போயிடும்னு சொல்லிடுவாங்க. வேற ஆளைப் போட்டுடுவாங்க. அதான் வாயைத் திறக்கல."

"நீங்க வாயைத் திறக்கல. என் முக்காலி போகுது."

சார் தலையைக் குனிந்துகொண்டார். குனிந்தபடியே அது ஆடியது. "நான் அதை யோசிக்கல" என்றார். "நிஜமாவே யோசிக்கல அக்கா. மன்னிச்சுக்குங்க."

"மன்னிப்பெல்லாம் அப்புறம். டாக்டர்கிட்ட போனீங்களா?"

"இல்ல."

"ஏன்?"

"பேர் சொல்லிடுவாரேன்னு பயம்."

"பேர் தெரியாம இருந்தா நோய் வீட்டை விட்டுப் போயிடுமா சார்? தலை மட்டும் ஆடறதுல பாதி சும்மா ஆடறதுதான். நான் வார்டுல எத்தனை பார்த்திருக்கேன். ஆனா நான் டாக்டர் இல்ல. பாருங்க, ஒரு ஒப்பந்தம் போட்டுக்கலாம். வியாழக்கிழமைக்குள்ள உங்க தலையைப் பார்க்காமலே புரட்ட நான் கத்துக்கறேன். நிகழ்ச்சி முடிஞ்ச மறுநாள் காலையில நீங்க என்கூட ஆஸ்பத்திரிக்கு வர்றீங்க. சரியா?"

தலை ஆடியது.

"வாயால சொல்லுங்க."

"சரி" என்றார் சார்.

வாய்ச்சவடாலாகச் சொல்லிவிட்டாளே தவிர, எப்படிக் கற்றுக்கொள்வது என்று அவளுக்கு ஒரு யோசனையும் இல்லை. மூன்று பாட்டையும் பைக்குள் வைத்து வீட்டுக்குக் கொண்டுபோனாள். மகள் சாப்பாட்டு மேஜை முழுக்கப் புத்தகத்தைப் பரப்பி உட்கார்ந்திருந்தாள். ஆறாம் வகுப்புக்கு ஆங்கிலம் சொல்லித் தருகிறவள். திங்கட்கிழமைக்கு ஒரு சொல்லை எடுத்துக்கொண்டு அதன் பொருள்களையும், அதை எங்கெங்கே எப்படிச் சொல்வார்கள் என்பதையும் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டுமாம்.

"எந்தச் சொல்லுடி?"

"உங்க சொல்தான்மா. மியூசிக்."

"அதுல சொல்ல என்ன இருக்கு?"

"நிறைய இருக்கு. முதல் பொருள், காதுக்கு இதமா ஒழுங்கா சேர்ந்த ஓசை. ரெண்டாவது, அதை உண்டாக்கற கலை. மூணாவது, அதை எழுதி வெச்ச குறியீடு, தாள்."

"மூணாவதா? எங்க இடத்துல அதுதான் முதல். மிச்ச ரெண்டும் அதுக்கப்புறம்தான்."

"அகராதி எழுதினவர் உங்க அறைக்கு வரலையேம்மா" என்றாள் மகள். "அப்புறம் பாருங்க, நல்ல சேதி சொன்னா 'என் காதுக்கு மியூசிக்'ம்பாங்க. செஞ்ச தப்புக்குத் திட்டு வாங்கிக்கப் போறவனை, 'மியூசிக்குக்கு நேரா நில்லு'ம்பாங்க. ஓடற தண்ணி, இலை சலசலப்பு, எல்லாத்தையும் மியூசிக்ம்பாங்க. எங்கே, நீங்க ஒரு வாக்கியம் சொல்லுங்க. பிள்ளைங்களுக்கு எழுதிப் போடறேன்."

"மியூசிக்கைத் தூசி தட்டி, வெயில்ல காயவெச்சு, அலமாரியில அடுக்கினேன்."

மகள் விழுந்து விழுந்து சிரித்தாள், ஆனால் எழுதிக்கொண்டாள். பிறகு அம்மா பையிலிருந்து எடுத்துப் பரப்பிய தாள்களை எட்டிப் பார்த்தாள். "இதைப் போய் எப்படிம்மா படிக்கறாங்க? எறும்பு ஊர்ந்த மாதிரி இருக்கு."

"எறும்பு இல்லடி. இது..." என்று தொடங்கிய பசையக்கா நிறுத்தினாள்.

ஒன்பது வருஷமாக அந்தத் தாள்களின் கிழிசலைத்தான் பார்த்திருந்தாள். கறையை, மடிப்பை, பூச்சி அரித்த ஓரத்தைப் பார்த்திருந்தாள். நடுவில் இருந்ததை இப்போதுதான் பார்த்தாள். குறுக்கே கோடுகள். கோடுகளின் மேல் புள்ளிகள். இடமிருந்து வலமாகப் புள்ளிகள் ஏறுகின்றன, இறங்குகின்றன. நடுநடுவே செங்குத்தாக ஒரு கோடு, ஒரு நாள் முடிந்தது என்பதுபோல. கட்டிலின் கால்மாட்டில் பன்னிரண்டு வருஷம் மாட்டி மாட்டி எடுத்த காய்ச்சல் சார்ட்டு.

"இது காய்ச்சல் சார்ட்டுடி" என்றாள். "புள்ளி மேல போனா சத்தம் மேல போகுது. கீழ வந்தா கீழ வருது. கூட்டமா இருந்தா வேகம். வெறுமையா இருந்தா நிதானம். இதைப் படிக்க எனக்கு யாரு சொல்லித் தரணும்?"

படிப்பது என்றால் வாசித்துக் காட்டும் அளவுக்குப் படிப்பது இல்லை. எந்தப் புள்ளிக்கு என்ன பேர் என்று அவளுக்குத் தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. வார்டில்கூட மருந்து எழுதுவது அவள் வேலை இல்லை. இந்த நேரம் நோயாளி எந்த இடத்தில் இருக்கிறார் என்று தெரிந்தால் போதும்.

ஞாயிற்றுக்கிழமை முழுக்க, முந்தைய ஒத்திகை ஒன்றில் பதிவு செய்த பாட்டை மகளின் போனில் ஓடவிட்டு, விரலால் புள்ளிகளைத் தொடர்ந்து போனாள். பாடுகிற இடங்கள் லேசு. புள்ளிக்குக் கீழேயே வார்த்தை இருந்தது. வார்த்தையைப் பிடித்துக்கொண்டால் பக்கத்தின் முடிவு தானாக வந்தது. பியானோ தனியாகப் போகும் மூன்று பக்கம்தான் கழுத்தை அறுத்தது. அங்கே பிடித்துக்கொள்ள வார்த்தை இல்லை. முதல் தடவை பாதிப் பக்கத்தில் வழி தவறினாள். இரண்டாம் தடவை முக்கால் பக்கம். ஏழாம் தடவை, பியானோ நின்ற இடத்தில் அவள் விரலும் நின்றது. மகள் சமையலறையிலிருந்து, "அம்மா, அந்தப் பாட்டை நிறுத்துறீங்களா, நான் வீட்டை விட்டுப் போகவா?" என்று கேட்டாள். "கதவைச் சாத்திட்டுப் போ" என்றாள் பசையக்கா.

திங்களும் செவ்வாயும் மதிய இடைவேளையில் சார் வாசிக்க, அவள் பக்கத்தில் உட்கார்ந்து புரட்டிப் பார்த்தாள். தலையைப் பார்க்கக் கூடாது என்று தீர்மானித்தாலும் ஆறு வருஷப் பழக்கம் கண்ணை அங்கேயே இழுத்தது. கடைசியில் பழைய மழைக்குடைத் துணியில் ஒரு துண்டு வெட்டித் தன் மூக்குக்கண்ணாடியின் வலது ஓரத்தில் ஒட்டிக்கொண்டாள். வலப்பக்கம் மறைந்தது, சாரின் தலை காணாமல் போனது, தாளும் கட்டைகளின் மேல் ஓடும் கைகளும் மட்டும் மிச்சம்.

"வண்டிக் குதிரை மாதிரி இருக்கீங்க" என்றார் சார்.

"குதிரை ஒழுங்காத்தான் போகும் சார். நீங்க வாசிங்க."

புதன்கிழமை வந்தது. மேடம் பலகையையும் பெடலையும் பெட்டியிலிருந்து எடுத்துப் பியானோ மேல் வைத்துவிட்டிருந்தார். "அக்கா, கோவிச்சுக்காதீங்க. யோசிச்சுப் பார்த்தேன். இன்னிக்குச் சரியா வந்துட்டா மட்டும் நாளைக்கும் சரியா வரும்னு என்ன நிச்சயம்? இருநூறு பேர் முன்னால சோதனை பண்ண முடியாது. பெடலையே வெச்சுக்கலாம். நீங்க முன் வரிசையில உக்காந்து நிம்மதியா கேளுங்க."

பசையக்காவின் வாய் வரைக்கும் வந்துவிட்டது. ஆனால் அது அவள் சொல்ல வேண்டிய விஷயம் இல்லை. ஒருவருடைய நோயை அவர் சம்மதமில்லாமல் நாலு பேர் முன்னால் சொல்லக் கூடாது என்பது வார்டில் முதல் நாள் சொல்லிக் கொடுத்தது. கண்ணாடியில் ஒட்டியிருந்த துணியை உரிக்கப் போனாள்.

பியானோவுக்கு முன்னால் இருந்த சார் எழுந்தார்.

"அக்கா மேல தப்பு இல்ல மேடம்" என்றார். "என் தலை ஆறு மாசமா தானா ஆடுது. நான் புரட்டச் சொல்லி ஆட்டல. அது பாட்டுக்கு ஆடுச்சு; அதை நம்பி அவங்க புரட்டினாங்க. நான் சொல்லாம மறைச்சேன். என்னை மாத்தணும்னா மாத்துங்க. அவங்கள அந்த முக்காலியிலேருந்து எழுப்பாதீங்க."

இருபத்திரண்டு பேரும் சாரின் தலையையே பார்த்தார்கள். அது, சொன்னதெல்லாம் உண்மை என்று ஆமோதித்தது.

"அப்போ சனிக்கிழமை வகுப்பு?" என்றார் மேடம் மெல்ல.

"நான் சம்மதிக்கவே இல்ல மேடம்."

"ஐயோ" என்று மேடம் நெற்றியில் கை வைத்தார். "அந்த மஞ்சள் திரைச்சீலை? வாங்கலாமான்னு கேட்டப்போ தலையாட்டினீங்களே?"

"பார்க்கவே கண் கூசுது."

முதலில் யார் சிரித்தது என்று தெரியவில்லை. சாரே சிரித்த பிறகு எல்லோரும் சிரித்தார்கள். பின்வரிசையில் தபால்காரர் மட்டும் சிரிக்கவில்லை. கையிலிருந்த தாளை மெல்ல மடித்துக்கொண்டிருந்தார். "அப்போ என் வரி?" என்றார். "அதுவும் தலை சொன்னதா சார்?"

சார் அவரைத் திரும்பிப் பார்த்தார். "ஆமா, தலைதான் சொல்லுச்சு. நானா இருந்தா தந்திருக்க மாட்டேன். ஆனா நாலு வாரமா கேட்கறேன், நல்லாத்தான் இருக்கு. இப்போ வாயால சொல்றேன். பாடுங்க."

தபால்காரர் தாளை மறுபடி விரித்தார்.

மேடம் பலகையைப் பியானோ மேலிருந்து எடுத்து நாற்காலியில் வைத்தார். "மூணாவது பாட்டு. முழுசா ஒரு தடவை. அக்கா, நீங்க எதைப் பார்த்துப் புரட்டுவீங்க?"

"மியூசிக்கைப் பார்த்து" என்றாள் பசையக்கா.

புரட்டினாள். ஒரு தப்பும் இல்லை. பின்னால் போக வேண்டிய இடத்தில் பின்னால் போனாள். இரண்டாம் தரம் முன்னால் போனாள். மேடம் பெடலைப் பெட்டிக்குள் வைத்து மூடினார்.

வியாழக்கிழமை மாலை அரங்கம் நிரம்பியது. கறுப்புப் புடவை. கண்ணாடியில் கறுப்புத் துணி. முக்காலியின் கால்களுக்கு அடியில் மடித்த துணி. முதல் பாட்டும் இரண்டாம் பாட்டும் நல்லபடியாகப் போயின. மூன்றாம் பாட்டின் நடுவில் குழு பாடுவதை நிறுத்தியது. பியானோ தனியாகப் புறப்பட்டது. பசையக்காவின் கண் புள்ளிகளோடு நடந்தது. ஏறியது, இறங்கியது, கூட்டமாக ஓடியது, நின்றது. மூன்று பக்கமும் முடியும் கடைசிக் கட்டத்தில் அவள் எழுந்து, பின்னால் புரட்ட இடப்பக்கத் தாளின் மூலையைப் பிடித்தாள்.

பின்னால் போனால், அந்தப் பகுதியின் தொடக்கம் கீழ்ச் சுரங்களில். இரண்டு கைகளும் இடப்பக்கம் இறங்க வேண்டும். ஆனால் சாரின் வலது கை இறங்கவில்லை. எழும்பி, வலப்பக்கம், மேலே, உச்சியை நோக்கிப் போனது. அவர் திரும்ப வாசிப்பதை மறந்துவிட்டு நேரே அடுத்த பகுதிக்குப் போகிறார்.

நோயாளி ஒருமுறை திரும்பிப் படுத்தால், ஏன் திரும்பினீர்கள் என்று கேட்டுக்கொண்டிருக்க முடியாது. தலையணையைத்தான் நகர்த்த வேண்டும். பிடித்த தாளை விட்டாள். அடுத்த நொடி வலப்பக்க மூலையைப் பிடித்து முன்னால் புரட்டினாள். சாரின் கண் உச்சியிலிருந்த புள்ளிகளில் சரியாக விழுந்தது. அந்தப் பக்கத்தில் நாலு செங்குத்துக் கோடு கழித்துக் குழு பாட வேண்டும்; ஆனால் குழுவோ இன்னும் மூன்று பக்கம் ஓய்வு இருக்கிறது என்ற நினைப்பில் நின்றுகொண்டிருந்தது. தாள் எந்தப் பக்கம் திரும்பியது என்பதை மேடம் பார்த்துவிட்டார். அவர் கை சட்டென்று மேலே போனது. இருபத்திரண்டு வாய்களும், அரை மூச்சோடு, சரியான இடத்தில் திறந்தன.

கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் எதுவும் தெரியவில்லை. அந்தப் பாட்டின் முடிவில் தபால்காரர் தன் வரியைப் பாடினார். முன் வரிசையில் இருந்த அவர் மனைவி அதற்கு மட்டும் தனியாகக் கைதட்டினார்.

திரைக்குப் பின்னால் மேடம் பசையக்காவின் தோளைப் பிடித்து உலுக்கினார். "எப்படித் தெரிஞ்சுது? அவர் முன்னால போறாருன்னு எப்படித் தெரிஞ்சுது?"

"கை மேல போச்சு மேடம். பின்னாடிப் பக்கம் ஆரம்பம் கீழ இருக்கு."

"நான் ரெண்டு நாளா தூங்கல, அது தெரியுமா? போங்க. அடுத்த வருஷமும் நீங்கதான் அந்த முக்காலியில. இதை எழுதித் தரணுமா?"

"வேணாம். காபிக் கடையில சொல்லி வெச்சுடுங்க, சாருக்கு ஒண்ணுக்கு மேல தரக் கூடாதுன்னு."

சார் ஓர் ஓரத்தில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். "மறந்துட்டேன் அக்கா" என்றார். "சுத்தமா மறந்துட்டேன். நீங்க இல்லன்னா..."

"அதையெல்லாம் விடுங்க. நாளைக்கு ஏழு மணி. சாப்பிட்டுட்டு வாங்க, காபி குடிக்காம வாங்க. சாப்பிடற மாத்திரையெல்லாம் ஒரு தாள்ல எழுதிக் கொண்டாங்க."

மறுநாள் காலை ஆறே முக்காலுக்கே ஆஸ்பத்திரி வாசலில் நின்றாள். சார் ஏழுக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது வந்தார். எழுதிய தாள் சட்டைப்பையில் இருந்தது. வரிசையில் பதினொன்றாவது ஆள். சீட்டு எழுதுகிறவர் நிமிர்ந்து பார்க்காமல் பேர், வயது, என்ன தொந்தரவு என்று கேட்டார். சார் வாயைத் திறந்து, "தலை ஆடுது, ஆறு மாசமா" என்று தானே சொன்னார்.

"கூட வந்தவங்க என்ன உறவு?"

"பக்கம் புரட்டறவங்க" என்றார் சார்.

எழுதுகிறவர் இப்போது நிமிர்ந்தார். "அப்படி ஒரு உறவு இதுல இல்லைங்களே. மனைவி, மகள், அக்கா, தங்கச்சி..."

"அக்கான்னு எழுதுங்க" என்றாள் பசையக்கா. "பின்னால ஆள் நிக்குது."

நரம்பு டாக்டர் சின்ன வயசுக்காரி. சாரைக் கையை நீட்டச் சொன்னாள், மூக்கைத் தொடச் சொன்னாள், நடக்கச் சொன்னாள். ஒரு வெள்ளைத் தாளும் பேனாவும் கொடுத்து, நடுவிலிருந்து தொடங்கிச் சுருள் சுருளாக ஒரு வட்டம் போடச் சொன்னாள். சார் போட்டார். ஐந்து சுற்று. கோடு எங்கும் நடுங்கவில்லை. டாக்டர் அதை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை, தலை மட்டும்தான், நீங்கள் பயந்த மாதிரி பெரிய வியாதி இல்லை என்றாள். சின்ன மாத்திரை ஒன்று எழுதினாள். ஒரு மாதம் கழித்து வரச் சொன்னாள். "காபி எத்தனை குடிக்கறீங்க?" என்று கேட்டாள்.

சார் பசையக்காவைப் பார்த்தார்.

"அஞ்சு" என்றாள் பசையக்கா.

"ஒண்ணு" என்று எழுதி அடிக்கோடிட்டாள் டாக்டர்.

வெளியே வந்து மருந்துக் கவுன்டரில் மாத்திரை வாங்கினார்கள். குழாயடியில் பசையக்கா தன் பையிலிருந்து தம்ளரை எடுத்துக் கழுவி, தண்ணீர் பிடித்துக் கொடுத்தாள். சார் முதல் மாத்திரையைப் போட்டுக்கொண்டார். அவருக்குப் பத்து மணிக்கு வகுப்பு. அவளுக்கு நேற்று மேடையிலிருந்து வந்த மூன்று பாட்டின் தாள்களையும் சரிபார்த்து அலமாரியில் வைக்க வேண்டிய வேலை. பேருந்து வந்தது, இருவரும் ஏறினார்கள்.